அடுப்படிக் கல்லும் என் எளிமையும்



வீண்விரயத்தைப் பற்றி மதரஸாவில் நான் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். விரயம் செய்வோர் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற அல்இஸ்ரா அத்தியாயத்தின் எச்சரிக்கையைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் ஓர் அச்சம் தெரியும். அந்தப் பாடத்தை என் வீட்டு அடுப்படியில் நான் எவ்வளவு தவறாகப் பயன்படுத்தினேன் என்பதை எழுதத்தான் இப்போது அமர்ந்திருக்கிறேன். வீடு கட்டுவோரும் அடுப்படியைப் புதுப்பிப்போரும் நம்மில் பலர் இருப்பதால், கல் வாங்கும்போது நான் கற்றுக்கொண்டவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

மதுரை மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில், என் அத்தா கட்டிய வீட்டில் நாங்கள் வசிக்கிறோம். அடுப்படி மேடையில் அவர் கடப்பாக் கல் போட்டிருந்தார். அக்காலத்தில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் கடப்பாதான். ஆந்திராவின் கடப்பைப் பகுதியிலிருந்து வருவதால் அந்தப் பெயர். அது சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்தது. விலை குறைவு, பாரம் தாங்கும். ஆனால் எலுமிச்சையும் புளியும் அதற்குப் பகை. எங்கள் மேடை முழுவதும் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படர்ந்திருந்தன. கழுவுதொட்டிக்கு அருகில் ஒரு விரிசல் ஓடியது. முனைகள் பொரிந்திருந்தன.

என் மனைவி இரண்டு, மூன்று முறை இதைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "கல் கல்தான். சமைக்க முடிகிறதல்லவா? அதற்குமேல் செலவழிப்பது இஸ்ராஃப்." அவள் மறுத்துப் பேசவில்லை. மார்க்கத்தின் பெயரால் கணவன் ஒன்றைச் சொல்லிவிட்டால் நம் வீட்டுப் பெண்கள் பலர் அதற்குமேல் பேசுவதில்லை. அந்த மௌனத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவளுடைய தங்கைக்குப் பேறுகாலம். உதவிக்கு ஆளில்லாததால் பத்து நாள் அங்கே போயிருந்தாள். வீட்டில் நானும், இரண்டு பிள்ளைகளும், முதுமையடைந்த என் அம்மாவும் மட்டும். அம்மாவுக்குக் குழைந்த சோறும் காரமில்லாத ரசமும் வேண்டும். பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளிக்குச் சோறு கட்ட வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணிகளைச் செய்துவந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். அதை ஒரு சுன்னத்தாக நினைத்து உற்சாகத்தோடுதான் அடுப்படிக்குள் நுழைந்தேன்.

மூன்றாம் நாளே இடுப்பு நோவெடுத்தது. மேடை மிகவும் தாழ்வு. அளவு நாடா வைத்துப் பார்த்தேன். தரையிலிருந்து 29 அங்குலம். விறகடுப்புக் காலத்தில் அம்மா பெரும்பாலான வேலைகளைத் தரையில் அமர்ந்துதான் செய்தார். மேடை சட்டி பானை வைக்க இருந்தது. பிறகு கேஸ் அடுப்பு வந்தது, அம்மி போய் மிக்ஸி வந்தது, எல்லா வேலையும் மேடைக்கு ஏறியது. மேடை மட்டும் உயரவில்லை. நான் அவளைவிட உயரம், அதனால்தான் எனக்கு இவ்வளவு நோவு என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பத்து நாள். அவளுக்கோ பதினெட்டு ஆண்டுகள். ரமலானில் நோன்போடு கஞ்சி காய்ச்சவும், பெருநாளில் தேக்சாவில் நெய்ச்சோறு ஆக்கவும் அவள் குனிந்து நின்றதெல்லாம் அந்த 29 அங்குலத்தில்தான்.

இன்னொன்றையும் கண்டேன். விரிசலில் ஒரு பழந்துணியைச் சுருட்டி அடைத்து வைத்திருந்தாள். இல்லையென்றால் தண்ணீர் கீழே மாவு, அரிசி வைத்திருக்கும் அறைக்குள் இறங்கிவிடும். ஒவ்வோர் இரவும் அந்தத் துணியை எடுத்து, அலசி, காயவைத்து, வேறொன்றை அடைக்க வேண்டும். போகுமுன் என் மகளிடம் அதை நினைவூட்டிவிட்டுப் போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. இறைச்சி கழுவிய நீர் அந்த விரிசலில் தங்கினால் எப்படித் துடைத்தாலும் வாடை போகாது. சுத்தம் ஈமானோடு சேர்ந்தது என்று மேடையேறிச் சொல்பவனின் வீட்டில், சுத்தம் செய்யவே இயலாத ஓரிடம் இருந்தது.

அன்றிரவு முன் அறையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அறைக்குப் பளபளப்பான டைல்ஸ் பதித்து, கிதாபுகள் வைக்கக் கண்ணாடிக் கதவிட்ட அலமாரி செய்ய 48,000 ரூபாய் செலவிட்டிருந்தேன். மாணவர்களின் பெற்றோர் வருகிறார்கள், ஆலிம்கள் வருகிறார்கள், விருந்தினரைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்று அப்போது எனக்கு நானே ஃபத்வா கொடுத்துக்கொண்டேன். இஸ்ராஃப் என்ற சொல் அப்போது என் நாவில் வரவேயில்லை. என் எளிமை அடுப்படி வாசலில்தான் தொடங்கியிருக்கிறது. அதைத் தாங்கியவள் நானல்ல.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனனம் செய்விப்பவன் நான். ரஹ்மானின் அடியார்கள் செலவழிக்கும்போது விரயமும் செய்யமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்பது அதன் கருத்து. இவ்வளவு காலமும் அதன் முதல் பாதிக்குத்தான் விளக்கம் சொல்லி வந்திருக்கிறேன். வசதியிருந்தும் குடும்பத்தாருக்கு நெருக்கடி கொடுப்பது மறுபாதியில் கண்டிக்கப்பட்டிருக்கிறது. மனைவியின் உணவும் உடையும் உறைவிடமும் கணவனின் பொறுப்பு என்பது ஃபிக்ஹின் தொடக்கப் பாடம். அவள் பிழைபடாமல் நின்று வேலை செய்யும் மேடை உறைவிடத்தில் அடங்காதா?

அவள் திரும்பி வந்ததும் சொன்னேன், "மேடைக் கல்லை மாற்றிவிடுவோம். நீயே தேர்ந்தெடு."

அவள் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "இடுப்பு வலிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

கடைக்குக் கிளம்புமுன் இரண்டு முடிவுகள் எடுத்தோம். கையிருப்பு 30,000, அதில் 20,000க்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. தவணைக்கோ கடன் அட்டைக்கோ கை நீட்டக் கூடாது. இந்த இரண்டாவது முடிவை வீட்டிலேயே எடுத்தது நல்லதாயிற்று. கடையின் வெளிச்சத்தில், பளபளக்கும் கற்களுக்கு நடுவே நின்றுகொண்டு எடுக்கும் முடிவல்ல அது.

முதலில் போன பெரிய கடையில் எங்களை வெண்பளிங்கின் முன் நிறுத்தினார்கள். அழகுதான். ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து போன பளிங்கில்தான் தாஜ்மஹால் நிற்கிறது. எனக்கும் மனம் சற்றுச் சாய்ந்தது. விலை எங்கள் எல்லையைத் தாண்டியது. "மாதா மாதம் கட்டுங்க ஹஜ்ரத், தெரியவே தெரியாது" என்றார் விற்பனையாளர். வட்டி எவ்வளவு என்று கேட்டால், அது வங்கியின் கணக்கு என்றார். வட்டியைக் கைவிடாதவருக்கு அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையை மேடையாக்கி அதன்மேல் ஹலாலான உணவைச் சமைப்பதா?

என் மனைவி வேறொரு காரணத்தால் அதை மறுத்தாள். "மஞ்சத்தண்ணி பட்டா என்னாகும்? எலுமிச்சம்பழம் அரிஞ்சா?" என்று கேட்டாள். விற்பனையாளர் பதிலை மழுப்பினார். பளிங்கும் கடப்பாவைப் போலவே சுண்ணாம்புச் சத்தால் ஆனது. புளிப்பு பட்டால் மெருகு அரிக்கப்பட்டுவிடும், மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கிக் கறையாகும். தொழுகைக் கூடத்தின் தரைக்கு அழகான கல் அது. மீன் குழம்புக்குப் புளி கரைக்கும் மேடைக்கு ஏற்றதன்று.

அடுத்து குவார்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் செயற்கைக் கல்லைக் காட்டினார்கள். குவார்ட்ஸ் தூளைப் பிசினோடு கலந்து அழுத்திச் செய்வது. கறை எளிதில் பிடிக்காது. ஆனால் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய தேக்சாவை நேராக வைக்கக் கூடாது. அதை வெட்டும் தொழிலாளர்களின் நுரையீரலை அதன் தூசு கடுமையாகப் பாதித்ததால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இவ்வகைக் கல்லுக்குத் தடை விதித்திருக்கிறது. அதையும் விட்டோம்.

எஞ்சியது கிரானைட். இதற்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. 'காஷ்மீர் ஒயிட்' என்ற பெயரில் விற்கப்படும் வெண்கிரானைட்கூடக் காஷ்மீரிலிருந்து வருவதன்று. எங்கள் மேலூர்ப் பக்கத்துப் பாறை அது. ஆனால் அந்த வட்டாரத்து மலைகள் முறைகேடாக வெட்டப்பட்டதும், அதை விசாரிக்க 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தை நியமித்ததும் நாடறிந்த செய்தி. மலையும் கண்மாயும் ஊருக்குப் பொது. ஆகவே எங்கு வாங்கினாலும் கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, முறையான ரசீது பெறுவது என்று முடிவு செய்தேன்.

வெளிர் நிறக் கிரானைட் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். மேலே பாதுகாப்புப் பூச்சு பூச வேண்டும், அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். அடர்ந்த கறுப்புக் கல்லில் அந்தத் தொல்லை குறைவு. எனவே கறுப்பையே தேர்ந்தோம். கறுப்பில்தான் ஏமாற்றும் அதிகம் என்று எங்கள் கொத்தனார் முன்பே சொல்லியிருந்தார். மட்டமான சாம்பல் நிறக் கல்லுக்குச் சாயமேற்றிக் கறுப்பு என்று விற்பார்களாம். அதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகளைச் சொன்னார். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தை வெள்ளைத் துணியில் நனைத்துக் கல்லில் அழுத்தித் தேய்த்தால், சாயக் கல்லாயின் துணி கறுக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் பார்த்தால், உறிஞ்சும் கல்லில் இருண்ட தடம் தெரியும். எலுமிச்சைச் சாறு விட்டால், சுண்ணாம்புச் சத்துள்ள கல்லின் மெருகு மங்கும். அவள் தன் பையில் மூன்றையும் எடுத்து வந்திருந்தாள்.

இரண்டாவது கடையின் முகப்பில் 'மாஷா அல்லாஹ்' என்று பெரிதாக எழுதியிருந்தது. ஸலாம் சொல்லி வரவேற்றார்கள். சதுர அடி 110 ரூபாய்க்குக் கறுப்புக் கல் என்றார்கள். அவள் துணியால் தேய்த்தாள். துணியில் கரி பூசியதுபோல் ஆயிற்று. கடைக்காரர் துணியைப் பார்த்தார், பிறகு என் தாடியைப் பார்த்தார். "எல்லாரும் இப்படித்தான் ஹஜ்ரத் விக்கிறாங்க. யாரும் தேச்சுப் பாக்கிறதில்ல" என்றார். இன்னொன்றையும் கவனித்தேன். எங்கள் மேடை ஆங்கில 'எல்' எழுத்து வடிவம். ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 6 அடி, அகலம் 2 அடி. மூலையை ஒருமுறைதான் கணக்கிட வேண்டும். 28 சதுர அடி வரும். அவர் 10ஐயும் 6ஐயும் கூட்டி, இரண்டால் பெருக்கி 32 என்று எழுதியிருந்தார். அளவில் மோசடி செய்வோருக்குக் கேடுதான் என்று தொடங்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை அவரும் தொழுகையில் ஓதுபவராகத்தான் இருப்பார். கோபத்தைவிட வெட்கமே எனக்கு அதிகமாக இருந்தது. ஈரத் தானியத்தை அடியில் மறைத்து உலர்ந்ததை மேலே காட்டிய வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸை மெதுவாக நினைவூட்டிவிட்டு வெளியே வந்தோம்.

மூன்றாவது இடம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு திறந்த கிடங்கு. உரிமையாளர் முஸ்லிம் அல்லர். மாதிரித் துண்டு எதையும் காட்டாமல், எங்களை நேரே அழைத்துப்போய்ப் பலகைகளுக்கு முன் நிறுத்தினார். பார்க்காமல் வாங்கிய பொருளைப் பார்த்தபின் மறுக்கும் உரிமையையும், குறை வெளிப்பட்டால் திருப்பித் தரும் உரிமையையும் ஹனஃபி ஃபிக்ஹில் கியாருர் ருஃயா, கியாருல் ஐப் என்று படிக்கிறோம். அந்தக் கிதாபையெல்லாம் திறந்திராத அவர், சதுர அடி 165 ரூபாய்ப் பலகை ஒன்றைக் காட்டி, சுண்ணக்கட்டியை எடுத்து அதன்மேல் ஒரு கோடு வரைந்தார். "பாய், இதுல இங்க ஒரு மயிர்க்கோட்டு விரிசல் இருக்கு. ஈரத்துணியால தொடைச்சுப் பாருங்க, தெரியும். சிங்க் வெட்டுற எடத்துல இதைப் போட்டுட்டா விரிசல் வெளியே போயிடும். வேணாம்னா அடுத்த பலகையைப் பாருங்க" என்றார்.

சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வணிகத்தில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. அவர் சொன்ன பலகையையே வாங்கினோம். என் மனைவியின் மூன்று சோதனைகளையும் அவர் சிரித்துக்கொண்டே பார்த்திருந்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. கேட்குமுன்பே ரசீதும் தந்தார்.

கல்லைப் பதிக்குமுன் உயரத்தைத் தீர்மானித்தோம். நிமிர்ந்து நின்று, கையை மடக்கினால் முழங்கை எங்கு நிற்கிறதோ அதற்கு நான்கைந்து அங்குலம் கீழே மேடை இருந்தால் முதுகுக்கு நல்லது என்றார் கொத்தனார். அவளை நிற்க வைத்து அளந்தோம், 33 அங்குலம். நான் எத்தனையோ முறை அளவுகளைப் பற்றிப் பேசியிருக்கிறேன். என் மனைவிக்கு எந்த உயரம் ஏற்றது என்று அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கழுவுதொட்டிக்கும் அடுப்புக்கும் துளை வெட்ட ஓர் இளைஞர் வந்தார். வயது இருபதுக்குமேல் இராது. உலர்ந்த கல்லில் இயந்திரத்தை வைத்ததும் முற்றம் முழுவதும் தூசு எழுந்தது. மூக்கில் ஒரு கைக்குட்டை மட்டும். கிரானைட் போன்ற கற்களில் உள்ள சிலிக்கா தூசாகி நுரையீரலுக்குள் போனால் தழும்பு உண்டாகும். அது பிறகு ஆறாது. கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு என்கிறார்கள். ஆனால் அவர் நாள்தோறும் வெட்டுவது ஒருவகைக் கல்லை மட்டுமா? வேலையை நிறுத்தச் சொல்லி, என் மகனை மருந்துக் கடைக்கு அனுப்பி நல்ல முகக்கவசம் வாங்கினோம். மகன் தள்ளி நின்று குழாயால் தண்ணீர் விட, வெட்டும் இடம் ஈரமாகவே இருக்க அவர் வெட்டினார். மின்கம்பியை நனையாமல் உயரக் கட்டினோம். கூடுதலாக ஒரு மணி நேரம் ஆயிற்று. "யாரும் இப்படிச் சொன்னதில்ல பாய்" என்றார். தொழிலாளியின் கூலியை வியர்வை உலருமுன் கொடுக்கச் சொன்ன மார்க்கம் இது. கூலியை மாலையே கொடுத்தேன். அவருடைய மூச்சும் அந்தக் கட்டளையின் பொருளுக்கு வெளியே இருக்க முடியாது என்று தோன்றியது.

கல்லுக்கு 4,620; முனை மெருகுக்கு 12 அடிக்கு 840; துளைகளுக்கு 600; வண்டிக்கு 800; செங்கல், சிமெண்ட், மணலுக்கு 2,400; கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் இரண்டு நாள் கூலி 3,800. மொத்தம் 13,060 ரூபாய். முன் அறைக்குச் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தொகைக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் மார்க்கத்தைத் துணைக்கு அழைத்து மறுத்து வந்திருக்கிறேன்.

கப்பாப் (ரலி) அவர்கள் சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு முஸ்லிம் செய்யும் எல்லாச் செலவுக்கும் கூலி உண்டு, இந்த மண்ணில் போடுவதைத் தவிர என்று கூறியதை புகாரியில் படிக்கிறோம். தேவைக்கு மேற்பட்ட கட்டடத்தைப் பற்றியது அது என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். இந்த அளவுகோலை நான் இன்றும் விட்டுவிடவில்லை. அதை முதலில் எந்த அறையில் வைத்து அளப்பது என்பதில்தான் மாறியிருக்கிறேன். விருந்தினர் கண்ணில் படும் இடத்தை முதலில் அளந்தால் பல வீடுகளில் இஸ்ராஃப் அங்கேதான் அகப்படும்.

பழைய கடப்பாக் கல்லின் உடையாத பாதியைக் கொல்லைக் குழாயடியில் இரண்டு கற்கள்மீது வைத்திருக்கிறோம். அம்மா அதில் அமர்ந்து ஒளூ செய்கிறார். தன் கணவர் வாங்கிய கல் வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

புதிய மேடையில் முதலில் என்ன சமைத்தாள் என்று எனக்கு நினைவில்லை. முதல் நாள் இரவு இஷாவுக்குப் பின் நான் தண்ணீர் குடிக்கப் போனபோது மேடையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைக்கப் போனாள். கழுவுதொட்டியின் பக்கம் வழக்கம்போல் கையைக் கொண்டுபோய், அங்கே துணி எதுவும் இல்லை என்று கண்டு கையை எடுத்துக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன் என்று அவளுக்குத் தெரியாது.

அல்பகரா அத்தியாயத்தின் 74ஆம் வசனம் இறுகிய உள்ளங்களைப் பாறைகளுக்கு ஒப்பிட்டு, அவற்றைவிடவும் கடினமானவை என்கிறது. பாறைகளிலிருந்தாவது ஆறுகள் பீறிடுகின்றன, சில பிளந்து நீர் கசிகிறது, சில அல்லாஹ்வின் அச்சத்தால் உருண்டு விழுகின்றன என்றும் சொல்கிறது. இப்போது அந்த வசனத்தை நடத்தும்போது பனூ இஸ்ராயீலின் வரலாற்றோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. பிள்ளைகளிடம் ஒரு வீட்டுப்பாடமும் கொடுக்கிறேன்: இந்த வாரம் ஒருநாள் உங்கள் அம்மா நிற்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், என்ன கண்டீர்கள் என்று வந்து சொல்லுங்கள்.

யா அல்லாஹ், செலவில் நடுநிலையையும், அளவில் நேர்மையையும், எங்களோடு வாழ்வோரின் சிரமத்தைக் காணும் கண்ணையும் எங்களுக்குத் தருவாயாக. மார்க்கத்தின் பெயரால் எங்கள் கஞ்சத்தனத்தை மறைப்பதிலிருந்து எங்களைக் காப்பாயாக. ஆமீன்.